ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: "எங்கள் ஊராட்சியில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் தண்ணீர் இனிக்கிறது, அடுத்த வாரம் உப்புக் கரிக்கிறது. சில நாள் பிளீச்சிங் வாடை தூக்குகிறது. கடைசித் தெருவுக்கு ஒரு குடம்கூட ஒழுங்காக வருவதில்லை. இந்தத் தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது? கைக்குழந்தைக்குக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதுமா?"

சுவை வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உங்கள் தொட்டிக்கு இரண்டு இடத்திலிருந்து தண்ணீர் ஏறுகிறது. ஒன்று பல ஊர்களுக்குச் சேர்த்துத் தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்றுத் தண்ணீர். மற்றது ஊருக்குள்ளேயே இருக்கும் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் இனிக்கும். வழியில் குழாய் உடைந்தாலோ, நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனாலோ அது நின்றுவிடும். ஊர் சத்தம் போடுமே என்று தொட்டி ஆபரேட்டர் போர் மோட்டாரைப் போட்டுவிடுவார். தமிழ்நாட்டில் கூட்டுக் குடிநீர் எட்டிய ஊராட்சிகளில் பலவற்றின் நிலைமை இதுதான்.

இதைச் சரிபார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. தொட்டியின் அடியில் நின்று, தூணை ஒட்டி இறங்கும் குழாய்களை எண்ணிப் பாருங்கள். அடியில் வாய் திறந்தபடி நிற்பது, தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் வெளியேறும் குழாய். தொட்டி கழுவும்போது வண்டலை வெளியேற்றும் குழாயும் பெரும்பாலும் அதிலேயே இணைந்திருக்கும். பெரிய கேட் வால்வு வைத்து மண்ணுக்குள் போவது தெருக்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பகிர்மானக் குழாய். மிச்சம் இருப்பவை ஏற்றுக் குழாய்கள். அவை இரண்டு இருந்தால் தண்ணீரும் இரண்டு. மோட்டார் ஓடும்போது கையை வைத்தால் எந்தக் குழாய் அதிர்கிறது என்று தெரிந்துவிடும். சில ஊர்களில் இரண்டு தண்ணீரையும் தரைமட்டத் தொட்டியில் கலந்து ஒரே குழாயில் ஏற்றுவார்கள். அங்கே தரைத்தொட்டிக்குள் விழும் குழாய்களைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இந்த வேலைக்கு நன்றாகவே உதவும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் காட்டும் ஆற்றுத் தண்ணீர் 20,000 லிட்டரும், 1,600 காட்டும் போர் தண்ணீர் 10,000 லிட்டரும் ஒரே தொட்டியில் கலந்தால் குழாயில் 800 காட்டும். பத்து நாள் காலையில் குறித்து வைத்தாலே எந்த நாளில் எந்தத் தண்ணீர் வந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளுக்கு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்கிறது. ஆனால் மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டும்தான் சொல்லும். கிருமியையும் ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் பிரித்துக் காட்டாது. வீட்டு வாசலில் வந்து மீட்டரைக் காட்டிப் பயமுறுத்தி ஆர்.ஓ. இயந்திரம் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆற்றுத் தண்ணீர் என்றால் ஆற்றின் மேல் ஓடுவதை அப்படியே பம்ப் செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அணையிலிருந்தோ ஓடும் ஆற்றிலிருந்தோ எடுத்தால் படிகாரம் போட்டுக் கலங்கலைப் படிய வைத்து, மணல் வடிகட்டியில் விட்டுத்தான் அனுப்ப முடியும். காவிரி, கொள்ளிடம், தாமிரபரணி போன்ற ஆறுகளின் மணற்படுகையில் வேறு முறை உண்டு. அங்கே நீருறிஞ்சு கிணறுகள், சேகரிப்புக் கிணறுகள் இறக்கப்பட்டிருக்கும். கிணற்றின் அடியிலிருந்து துளையிட்ட குழாய்கள் மணலுக்குள் பக்கவாட்டில் சக்கரத்தின் ஆரக்கால் போல நீளும். தண்ணீர் மணலில் ஊறி, வடிந்து, தெளிந்து உள்ளே வரும். அதற்கு மேல் குளோரின் சேர்த்தால் பெரும்பாலும் போதும். அந்த மணலே வடிகட்டி, அந்த மணலே சேமிப்பும்கூட. ஆற்று மணலை வெட்டி எடுத்தால் வடிகட்டி மெலிகிறது, படுகையின் நீர்மட்டம் இறங்குகிறது, குழாய்கள் தண்ணீருக்கு வெளியே நிற்கின்றன. மணல் கொள்ளை ஆற்றங்கரைக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் நினைத்தால் அவர்கள் குழாயிலும் ஒரு நாள் காற்றுதான் வரும்.

அங்கிருந்து வழிநெடுக நீரேற்று நிலையங்கள், தரைமட்டத் தொட்டிகள் என்று கைமாறித்தான் உங்கள் ஊருக்கு வருகிறது. திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையில் எடுக்கும் தண்ணீர் ராமநாதபுரம் மாவட்டம் வரை போகிறது. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கானது. அங்கே பாறை இடுக்குத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையும் பெரியவர்களுக்கு எலும்பு நோயும் வந்ததுதான் அந்தத் திட்டத்துக்கே காரணம். இத்தகைய திட்டங்களைப் பெரும்பாலும் கட்டி நடத்துவது 1971இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். பொதுவாக ஊர்த் தொட்டி வரை வாரியத்தின் பொறுப்பு, தொட்டியிலிருந்து தெருவுக்கு ஊராட்சியின் பொறுப்பு. புகார் எழுதும்போது இந்த எல்லை தெரியாமல் எழுதினால் மனு இரண்டு மேசைக்கும் நடுவில் கிடக்கும்.

ஊர் போருக்கு வருவோம். இது சுமாரான தண்ணீர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல ஊர்களில் வெயில் காலத்தைக் கடத்துவது இதுதான். நிமிடத்துக்கு 150 லிட்டர் தரும் போர், உங்கள் தொட்டியை 3 மணி 20 நிமிடத்தில் நிரப்பும். அதே போர் மே மாதத்தில் 80 லிட்டருக்கு இறங்கினால் 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரம் தொடர்ந்து மின்சாரம் இருக்க வேண்டும். மட்டம் மோட்டாருக்குக் கீழே போனால் காற்றை இழுத்து மோட்டார் எரியும். அதற்கு முன்னறிவிப்பு குழாயிலேயே தெரியும்: தண்ணீர் பால்போல வெளுத்து வரும். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் போர் வற்றத் தொடங்கியிருக்கலாம். மேலிருந்து தெளிந்து அடியில் படிந்தால் மண்ணோ சுண்ணாம்போ வருகிறது. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, அண்டாவில் சில மணி நேரம் நின்ற பிறகு செம்பழுப்பாக மாறினால் இரும்பு.

போர் கெடுவது பெரும்பாலும் ஆழத்தில் இல்லை, வாயில்தான். கேசிங் பைப், அதாவது போரின் வாயில் மண் சரியாமல் இறக்கிய உறைக் குழாய், தரைக்கு மேல் ஒரு அடியாவது நிற்க வேண்டும், சுற்றி சிமெண்ட் மேடை வேண்டும், கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடைபட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழையில் மாட்டுக் கொட்டகைத் தண்ணீரும் கழிவறைக் குழித் தண்ணீரும் கேசிங்கை ஒட்டியே கீழே இறங்கிவிடும். கழிவறைக் குழிக்கும் போருக்கும் 15 மீட்டர் இடைவெளி என்பது குறைந்தபட்சம். விரிசல் பாறை உள்ள ஊரில் அதுவும் உறுதி தராது, ஏனென்றால் விரிசல் வழியே தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமலே ஓடும். இப்படிக் கெடும் போரில் கிருமியோடு நைட்ரேட்டும் ஏறும். நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, அதற்கு மேல் சலுகை கிடையாது. ஃபுளோரைடுக்கு 1 மில்லிகிராம் நல்லது, 1.5 கடைசி எல்லை.

இனி பிளீச்சிங் வாடை. தொட்டியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் போய்ச் சேர வேண்டும், தெருக்கோடிக் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஆபரேட்டர் நினைவில் வைத்தால் போதும். புது பிளீச்சிங் பவுடரில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை குளோரின் இருக்கும். ஊராட்சிக்கு வந்து சேரும்போது 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,000 லிட்டருக்கு 4 கிராம். உங்கள் தொட்டிக்கு 120 கிராம். மூட்டையை வாய் திறந்து மோட்டார் அறையின் வெக்கையில் மாதக்கணக்கில் போட்டிருந்தால் வீரியம் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அப்போது அதே வேலைக்கு 200 கிராமுக்கு மேல் தேவை. கட்டிப் போய், ஈரம் கசிந்து, வாடையே இல்லாமல் கிடக்கும் பவுடரைக் கோலம் போடத்தான் பயன்படுத்தலாம்.

அளவைவிடப் போடும் விதத்தில்தான் தப்பு அதிகம். பவுடரைப் பொட்டலமாகக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசைபோலக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். அடியில் சுண்ணாம்பு படியும். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும், அதுவும் தொட்டி கால்வாசி நிரம்பி இன்னும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது. விழும் தண்ணீரே கலக்கிவிடும். நிரம்பிய பிறகு ஊற்றினால் குளோரின் ஒரே இடத்தில் நிற்கும். முதல் தெருக்காரர்களுக்கு மூக்கைத் துளைக்கும் வாடை, கடைசித் தெருக்காரர்களுக்கு வெறும் தண்ணீர். உங்கள் ஊரில் "சில நாள் மட்டும்" வாடை வருவதற்கு இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கலந்த பிறகு குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கிருமி சாக அந்த நேரம் தேவை.

வாடை இருந்தாலே குளோரின் போதுமான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அழுக்கோடும் அம்மோனியாவோடும் சேர்ந்த குளோரின் அதிகம் நாறும், ஆனால் கிருமியைக் கொல்லும் வலு குறைவு. ஆகவே குளோரோஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், இன்னொரு வகை மருந்துக்கு இளஞ்சிவப்பு. பெட்டியில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். தொட்டியடியில் மட்டும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது வீண் வேலை. பார்க்க வேண்டியது தெருக்கோடிக் குழாயில், பிடித்த இடத்திலேயே, பிடித்த உடனே. தொட்டியில் 1 மில்லிகிராம், கோடியில் சுழியம் என்றால் இடையில் ஏதோ குளோரினைத் தின்கிறது: தொட்டி வண்டல், குழாய்க்குள் பாசி, இரும்பு, அல்லது சாக்கடை கலப்பு.

தொட்டியை மாதம் இருமுறை கழுவி, கழுவிய தேதியைத் தூணில் எழுதி வைப்பது ஊராட்சிகளின் நடைமுறை. எழுதிய தேதி மட்டும் புதிதாக இருந்தால் போதாது. தண்ணீரை ஒரு அடிக்கு இறக்கி, சுவரையும் தரையையும் நைலான் துடைப்பத்தால் தேய்த்து, அந்தத் தண்ணீரோடு வண்டலை அடிக்குழாய் வழியே வெளியேற்ற வேண்டும். பகிர்மான வால்வு அப்போது மூடியிருப்பது முக்கியம். மறந்தால் சேறு அத்தனையும் வீட்டுக் குழாய்க்குப் போகும். பிறகு 1,000 லிட்டருக்கு 200 கிராம் வீதம் கரைத்த வலுவான பிளீச்சிங் நீரால் சுவரைக் கழுவி, அதையும் வடித்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஒருவர் உள்ளே இறங்கினால் இன்னொருவர் மேலே நிற்க வேண்டும். மூடியைத் திறந்து காற்றோட விட்ட பிறகே இறங்க வேண்டும். பிளீச்சிங்கோடு ஆசிட் சேர்த்துக் கழுவுவது உயிருக்கு ஆபத்து, நச்சு வாயு கிளம்பும்.

மூடிக்குப் பூட்டும், ஏணியின் அடியில் கதவும் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடித்துவந்த தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. தண்ணீரைப் பற்றிப் பேசும்போது குழாயையும் குளோரினையும் மட்டும் பேசி முடித்துவிட முடியாது என்பதால் இதைச் சொல்கிறேன். எந்தத் தெருவுக்கு எந்தத் தொட்டி, எந்தத் தெரு எப்போதும் "கடைசித் தெரு" என்பதையும் ஊரில் யாரோ ஒரு காலத்தில் தீர்மானித்திருக்கிறார்கள்.

கடைசித் தெருவுக்கு ஏன் வருவதில்லை என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. முன்பு தெருவுக்கு ஒரு பொதுக்குழாய், ஊர் முழுக்க இருபது குழாய். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இணைப்பு. ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. நாளைக்கு இரண்டு முறை நிரம்பும் உங்கள் தொட்டி சுமார் 1,090 பேருக்குப் போதும், ஆகவே மொத்த அளவில் குறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பல ஊர்களில் பழைய 90 மில்லிமீட்டர் குழாயிலேயே புது இணைப்புகளைக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 300 லிட்டர் நல்லபடியாக ஓடும். ஒரு வீட்டுக் குழாய் முழுதாகத் திறந்தால் 10 லிட்டர் எடுக்கும் என்றால் 30 வீட்டுக்கே அது சரியாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு 250 வீடும் சேர்ந்து திறக்கின்றன. குழாயில் ஓட்டம் இரு மடங்கானால் உராய்வில் இழக்கும் அழுத்தம் மூன்றரை மடங்குக்கு மேல் கூடும். தரைக்கு மேல் 10 மீட்டரில் இருக்கும் தொட்டி தரும் அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். அது பாதித் தூரத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

அதற்கு மேல் சிலர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். இன்னும் சிலர் வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். அது இரட்டைத் தீமை. தண்ணீர் நிறுத்தியதும் மேட்டுப் பகுதிக் குழாயில் வெற்றிடம் உண்டாகி, குழிக்குள் தேங்கிய அழுக்குத் தண்ணீரையும் சாக்கடையைக் கடக்கும் இடத்திலுள்ள கசிவையும் உள்ளே இழுக்கும். மறுநாள் முதலில் வருவது அதுதான். ஆகவே முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் பாத்திரம் கழுவவோ செடிக்கோ விடுங்கள்.

பெரிய தொட்டி கட்டுங்கள் என்றுதான் ஊர்க்கூட்டத்தில் கோரிக்கை வரும். தொட்டி பெருத்தாலும் குழாய் அதேதான். பகுதிவாரியாக கேட் வால்வு வைத்து முறை போட்டுத் திறப்பதும், முடிந்தால் கடைசித் தெருவுக்குத் தொட்டியிலிருந்தே தனிக் குழாய் இழுப்பதும் அதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும். வரிசையை வாரம் ஒருமுறை திருப்பிப் போட்டால், அதாவது கோடித் தெருவுக்கு முதலில் திறந்தால், சண்டையும் குறையும். மார்ச் 22 கிராம சபை உலகத் தண்ணீர் தினத்தை ஒட்டியே நடக்கிறது. பரிசோதனை அறிக்கையை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ரசாயனப் பரிசோதனை ஆண்டுக்கு ஒன்று, கிருமிப் பரிசோதனை மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு நடந்திருக்க வேண்டும். அறிக்கையில் எந்த இடத்தில் மாதிரி எடுத்தார்கள் என்று பாருங்கள். ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் எடுத்த மாதிரி, போர் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது. போரிலிருந்து தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்களே கொடுப்பதானால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேளுங்கள். ரசாயனத்துக்கு 2 லிட்டர் சுத்தமான கேன், அதே தண்ணீரால் மூன்று முறை அலசியது போதும். கிருமிக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதை அலசக் கூடாது, உள்ளே இருக்கும் மருந்து குளோரினை முறிப்பதற்காகப் போட்டது. குழாயை மூன்று நிமிடம் ஓடவிட்டு, விளிம்பைத் தொடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும்.

குழந்தை விஷயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் திறனைக் குறைக்கும். புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில் இது மிக முக்கியம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அந்த வயதில் தனியாகத் தண்ணீரே தேவையில்லை. போரின் அறிக்கை கையில் வரும் வரை, மீட்டர் குறைவாகக் காட்டும் ஆற்றுத் தண்ணீர் நாளில் இரண்டு நாளுக்கு வேண்டியதை மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து வைத்து, ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். உப்புக் கரிக்கும் நாளில் வருவதைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.